மூன்று எழுத்து, பதினைந்து பைட்

ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி. ஆங்கில விசைப்பலகையில் இந்த ஐந்தையும் வரிசையாகத் தட்டினால் என்ன வரும்? 1980களில் பிறந்து, கல்லூரி நாட்களில் கணினியில் தமிழ் அடித்துப் பழகியவர்களிடம் கேட்டுப் பாருங்கள். அதிலும் யாழ்ப்பாணத்துக்காரர்கள், அங்கிருந்து டொரண்டோவுக்கும் லண்டனுக்கும் போனவர்கள் என்றால் யோசிக்கவே மாட்டார்கள். 'தமிழ்' என்று வரும். பாமினி எழுத்துருவில் த இருப்பது ஜே விசையில், ம இருப்பது கே விசையில். இகரக் கொக்கி பி-யில், ழ ஓ-வில், மெய்யின் தலைப்புள்ளி அரைப்புள்ளி விசையில். பழைய தமிழ்த் தட்டச்சுப் பொறியின் அமைப்பு அது.

கணினிக்கு அந்த இடத்தில் தமிழ் என்று ஒன்று இருப்பதே தெரியாது. அது சேமித்து வைப்பது 106, 107, 112, 111, 59 என்ற ஐந்து எண்களை. நான்கு ஆங்கிலச் சின்ன எழுத்துகளுக்கும் ஓர் அரைப்புள்ளிக்கும் உரிய எண்கள் இவை. 106 வந்தால் ஜே-யை வரை என்று ஆங்கில எழுத்துரு சொல்லும், த-வை வரை என்று பாமினி சொல்லும். அந்த எழுத்துரு இருக்கும் கணினியில் அது தமிழ்க் கடிதம். இல்லாத கணினியில் அதே கடிதம் பொருளற்ற ஆங்கில எழுத்துக் குவியல்.

இணையத்தோடு சேர்ந்து வளர்ந்த முதல் தமிழ்த் தலைமுறை தமிழை ஆங்கில எழுத்தில் எழுதுகிறது என்று பெரியவர்கள் இருபது ஆண்டுகளுக்கு மேலாகக் குறைப்பட்டுக்கொள்கிறார்கள். பட்டிமன்றத் தலைப்பாகவே ஆகிவிட்டது. மொழிப்பற்று குறைந்துவிட்டது, ஆங்கில மோகம் கூடிவிட்டது என்று காரணமும் சொல்வார்கள். எனக்கு அதில் பாதிக்கு மேல் உடன்பாடில்லை. ஓர் எழுத்துக்கு எத்தனை பிட் ஒதுக்குவது என்று, நம் ஆட்கள் யாரும் இல்லாத கூட்டங்களில் சிலர் எடுத்த முடிவுகள்தாம், பல ஆண்டுகள் கழித்து மதுரையில் ஒரு மாணவியின் கட்டைவிரல் எந்த விசைக்குப் போக வேண்டும் என்பதைத் தீர்மானித்தன. அது எப்படி என்று பார்ப்போம்.

பிட் என்பது 0 அல்லது 1. ஏழு பிட்டுகளை அடுக்கினால் 128 வெவ்வேறு சேர்க்கைகள் கிடைக்கும். 1963இல் அமெரிக்காவில் வெளியான ஆஸ்கி என்ற தரம் இந்த 128 இடங்களை எழுத்துக்கும் எண்ணுக்கும் குறிகளுக்கும் பிரித்துக் கொடுத்தது. ஆங்கிலச் சின்ன எழுத்துகளுக்கே அதில் முதலில் இடமில்லை, 1967 திருத்தத்தில்தான் அவை உள்ளே வந்தன. தந்தி அச்சுப்பொறிகளும் கணினிகளும் ஒன்றோடொன்று பேசிக்கொள்ள அது போதுமாக இருந்தது. உலகத்தில் வேறு எழுத்துகளும் இருப்பது அவர்களுக்குத் தெரியாமலில்லை. அது அவர்களுடைய வேலையாக இல்லை, அவ்வளவுதான்.

பின்னர் எட்டு பிட் கொண்ட பைட் நிலைபெற்றபோது இன்னொரு 128 இடங்கள் காலியாகக் கிடைத்தன. அதற்குள் தமிழை எப்படி அடைப்பது என்பதுதான் 1980களிலும் 90களிலும் கணினித் தமிழர்களின் தலைவலி. 247 எழுத்துகளையும் அப்படியே வைக்க இடம் போதாது. ஆனால் கா, கெ, கே, கை எல்லாவற்றுக்கும் தனித்தனி இடம் வேண்டியதில்லை. கால், ஒற்றைக்கொம்பு, இரட்டைக்கொம்பு, இணைக்கொம்பு ஆகியவற்றைத் தனியே வைத்துக்கொண்டு எந்த மெய்யோடும் ஒட்டலாம். கு, கூ, மு, மூ வரிசைகள் அப்படி ஒட்டாது, ஒவ்வொன்றுக்கும் தனி வடிவம். டி, டீ இரண்டும் தனி. கிரந்தமும் சேர்த்தால் நூற்றுச் சொச்சம் வடிவங்களில் தமிழ் முழுவதையும் எழுதிவிடலாம்.

கணக்கு சரிதான். எந்த வடிவத்துக்கு எந்த எண் என்பதில்தான் ஆளுக்கொரு வழி. மலேசியாவில் முத்து நெடுமாறனின் முரசு, சுவிட்சர்லாந்தின் லோசானில் இருந்து கல்யாணசுந்தரத்தின் மயிலை, சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமியின் முயற்சிகள், இலங்கைத் தமிழர்களிடையே பாமினி என்று ஒவ்வொன்றும் தனி ஏற்பாடு. இணையத்துக்கு வந்த இதழ்களும் ஆளுக்கோர் எழுத்துருவை வைத்துக்கொண்டன. முதல் பக்கத்திலேயே, 'எங்கள் எழுத்துருவை இறக்கி நிறுவிக்கொள்ளுங்கள்' என்று ஒரு வரி இருக்கும்.

இறக்குவதாவது பரவாயில்லை. அன்றைய இணையம் வந்த தொலைபேசி இணைப்பு மனிதக் குரலுக்காக அமைத்தது. ஏறத்தாழ 300 முதல் 3,400 ஹெர்ட்ஸ் வரையிலான அதிர்வுகளையே அது கடத்தும். அந்தக் குறுகிய சந்துக்குள் பிட்டுகளை ஒலியாக மாற்றி அனுப்பியதால்தான் மோடம் அப்படிக் கீச்சிட்டது. நொடிக்கு 33.6 கிலோபிட் வேகத்தில் 50 கிலோபைட் எழுத்துருக் கோப்பு வந்து சேர நல்ல நாளில் 12 நொடி. நல்ல நாட்கள் குறைவு. ஆனாலும் உண்மையான முட்டுக்கட்டை நிறுவுவதில் இருந்தது. பிரவுசிங் சென்டர் கணினியில் வாடிக்கையாளர் எதையும் நிறுவ முடியாதபடி பூட்டி வைத்திருப்பார்கள். மணிக்கணக்கில் காசு கொடுத்து உட்கார்ந்திருக்கும் பையன் எழுத்துருவுக்காகக் கடைக்காரரிடம் போய் நிற்க மாட்டான். தமிழில் படிக்க வந்தவன் கிரிக்கெட் ஸ்கோரைப் பார்த்துவிட்டுப் போவான்.

1997இல் சிங்கப்பூரிலும் 1999 பிப்ரவரியில் சென்னையிலும் நடந்த தமிழ்நெட் மாநாடுகள் இந்தக் குழப்பத்தைத் தீர்க்க முயன்றன. சென்னை மாநாட்டின் பயனாகத் தமிழ்நாடு அரசு டாம், டாப் என்ற இரண்டு குறியேற்றங்களையும் தமிழ்99 விசைப்பலகையையும் தரமாக ஏற்றது. அதே காலத்தில் இணையத் தமிழர்கள் பலர் திஸ்கி என்ற வேறொரு குறியேற்றத்தைப் பின்பற்றினார்கள். யூனிகோட் அட்டவணையிலோ 1991 முதலே தமிழுக்கு இடம் இருந்தது. ஆனால் விண்டோஸ் 98 வைத்திருந்தவருக்கு அதனால் பயனில்லை. லதா எழுத்துருவோடு தமிழைத் தானாகக் காட்டத் தெரிந்த முதல் விண்டோஸ் 2000ஆம் ஆண்டுப் பதிப்புதான். எந்தத் தரம் சிறந்தது என்று அன்று நடந்த சண்டைகளை இங்கே மறுபடி நடத்தப் போவதில்லை. யார் சொன்னது சரி என்பதைவிட, தரம் நிலைபெறாத அந்தச் சில ஆண்டுகளில்தான் ஒரு தலைமுறை தன் முதல் மின்னஞ்சலை எழுதியது என்பதே எனக்கு முக்கியமாகப் படுகிறது. எழுதியது போய்ச் சேர வேண்டும். ஆங்கில எழுத்தில் எழுதினால் போய்ச் சேரும். எல்லாக் கணினிகளும் ஒப்புக்கொண்ட அட்டவணை அந்த 128 இடங்கள் மட்டுமே.

அடுத்து வந்தது கைபேசி. தமிழை ஆங்கில எழுத்தில் எழுதும் பழக்கத்தை விரலுக்குள் ஏற்றிவிட்டது அதுதான்.

ஒரு குறுஞ்செய்திக்கு 160 எழுத்து என்ற வரம்பு வானத்திலிருந்து விழவில்லை. 1980களின் நடுவில் ஐரோப்பாவின் ஜிஎஸ்எம் கைபேசித் தரத்தை உருவாக்கிக்கொண்டிருந்தவர்களுள் ஜெர்மனியின் ஃப்ரீட்ஹெல்ம் ஹில்லப்ராண்ட் ஒருவர். அழைப்பை இணைப்பதற்கும் கோபுரத்துக்கும் கைபேசிக்கும் இடையே குறிப்புகள் பரிமாறுவதற்கும் கைபேசி வலையமைப்பில் தனியாக ஒரு சிறு வழி உண்டு. பெரும்பாலான நேரம் அது சும்மா கிடக்கும். அந்த வழியில் சின்னச் செய்திகளை அனுப்பினால் என்ன என்பதுதான் யோசனை. ஹில்லப்ராண்ட் தட்டச்சுப் பொறியில் மனதுக்குத் தோன்றிய வாக்கியங்களை அடித்து எழுத்துகளை எண்ணிப் பார்த்தார். பெரும்பாலானவை 160க்குள் அடங்கின. மக்கள் அஞ்சலட்டையிலும் டெலக்ஸிலும் எழுதுவதும் ஏறத்தாழ அவ்வளவுதான் என்று கண்டார்கள். 1992 டிசம்பர் 3 அன்று இங்கிலாந்தில் நீல் பாப்வொர்த் என்ற பொறியாளர் கணினியிலிருந்து ஒரு கைபேசிக்குக் கிறிஸ்துமஸ் வாழ்த்து அனுப்பினார். அதுதான் முதல் குறுஞ்செய்தி.

அந்தச் சிறு வழியில் ஒரு செய்திக்குக் கிடைத்த இடம் 140 பைட், அதாவது 1,120 பிட். ஓர் எழுத்துக்கு 7 பிட் என்று வகுத்தால் 160. அந்த 7 பிட் அட்டவணையில் ஆங்கிலம் உண்டு. பிரெஞ்சு, ஜெர்மன் மொழிகளின் மேலே குறியிட்ட எழுத்துகள் பல உண்டு. கிரேக்கப் பெரிய எழுத்துகள்கூடச் சில உண்டு. தமிழ் இல்லை. இந்தியும் ரஷ்யனும் அரபியும் சீனமும் இல்லை. அவற்றை அனுப்ப வேண்டுமானால் ஓர் எழுத்துக்கு 16 பிட் எடுத்துக்கொள்ளும் வேறொரு முறைக்கு மாற வேண்டும். 1,120ஐ 16ஆல் வகுத்தால் 70.

இதை ஒரு சொல்லில் போட்டுப் பார்க்கலாம். பேருந்தில் இருக்கும் ஒரு மாணவி அம்மாவுக்கு 'வந்துட்டிருக்கேன்' என்று அனுப்புகிறாள். கண்ணுக்கு ஒன்பது எழுத்து. யூனிகோட் கணக்கில் மெய்யின் புள்ளியும் உகரச் சுழியும் தனித்தனியே எண்ணப்படும் என்பதால் அது 17 குறிகள். ஆங்கில எழுத்தில் தங்கிலீஷாக எழுதினால் 15 எழுத்து. ஆக எண்ணிக்கையில் பெரிய வித்தியாசமில்லை. ஆனால் தமிழில் 17ஐ 16ஆல் பெருக்க வேண்டும்: 272 பிட். தங்கிலீஷில் 15ஐ 7ஆல் பெருக்கினால் போதும்: 105 பிட். ஒரே சொல் செய்தியின் கால் பங்கைத் தமிழில் தின்றுவிடுகிறது, தங்கிலீஷில் பத்தில் ஒரு பங்குகூடப் போகவில்லை. தமிழ் நீளமான மொழி என்பதல்ல இங்கே குற்றம். அதற்குக் கொடுத்த பெட்டிதான் இரண்டு மடங்குக்கு மேல் பெரியது.

70 எழுத்து என்ற வரம்பு எல்லோரையும் ஒரே மாதிரி கடிக்கவுமில்லை. சீனத்தில் ஓர் எழுத்தே பல நேரம் ஒரு சொல், 70இல் ஒரு பத்தி எழுதிவிடலாம். விகுதிகளை அடுக்கிக்கொண்டே போகும் தமிழில் 70 குறிகளுக்குள் சில சொற்களே அடங்கும். வரம்பைத் தாண்டினால் செய்தி இரண்டாகப் பிரியும். பிரிந்ததை ஒட்டுவதற்கான குறிப்புக்கு ஒவ்வொரு துண்டிலும் 6 பைட் போய்விடுவதால் 70 என்பது 67 ஆகும், 160 என்பது 153 ஆகும். காசு ஒவ்வொரு துண்டுக்கும். இன்னொரு விசித்திரம், 150 ஆங்கில எழுத்துக்கு நடுவே ஒரே ஒரு 'ஆ' போட்டாலும் முழுச் செய்தியும் 16 பிட் முறைக்கு மாறி மூன்று துண்டாகிவிடும். தீபாவளி, பொங்கல், புத்தாண்டு நாட்களில் இலவசச் செய்தித் திட்டங்கள் செல்லாது, ஒவ்வொன்றுக்கும் முழுக் கட்டணம் என்று நிறுவனங்கள் அறிவித்த காலம் அது. அன்றைக்குத் தமிழில் வாழ்த்து அனுப்புகிறவர் கொஞ்சம் வசதியானவராக இருக்க வேண்டும்.

அதற்கும் மேலே, எதிர்முனையில் இருக்கும் கைபேசிக்குத் தமிழ் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் வரிசையாகக் கட்டங்கள்தான். 2003இல் வந்து 25 கோடிக்கு மேல் விற்ற நோக்கியா 1100 போன்ற கைபேசிகளின் காலத்தில், யார் கையில் எந்தக் கைபேசி என்று பார்த்து அனுப்ப யாருக்கு நேரம்?

தங்கிலீஷின் இலக்கணம் இந்த நெருக்கடியில் பிறந்தது. விசையை ஒரு தட்டு, இரண்டு தட்டு, மூன்று தட்டு என்று தட்டி எழுத்தைக் கொண்டுவர வேண்டிய விசைப்பலகை. சொல்லை ஊகித்துத் தரும் டி9 அகராதிக்கு ஆங்கிலம்தான் தெரியும். தமிழ்ச் சொல்லை அடித்தால் அது சம்பந்தமே இல்லாத ஆங்கிலச் சொல்லைக் கொண்டுவந்து நிறுத்தும். அதனால் பிள்ளைகள் முதல் வேலையாக டிக்ஷனரியை ஆஃப் செய்தார்கள். பிறகு உயிரெழுத்துகளை விழுங்கத் தொடங்கினார்கள். ல, ள, ழ மூன்றும் ஓர் எழுத்தாகின. ந, ன, ண மூன்றும் ஓர் எழுத்தாகின. ர, ற இரண்டும் ஒன்றாகின. இது தகவல் இழப்புதான். ஆனால் படிப்பவர் குழம்பவில்லை என்பது கவனிக்க வேண்டிய விஷயம். கிளாட் ஷானன் 1948இல் தகவல் கோட்பாட்டை எழுதியபோது சுட்டிக்காட்டியது இதைத்தான். மொழியில் தேவைக்கு மேல் மிகை இருக்கும், ஒரு பகுதியை உதிர்த்தாலும் சூழலைக் கொண்டு உதிர்ந்ததை ஊகிக்கலாம். பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஷானனைப் படிக்காமலே அதைச் செய்துகொண்டிருந்தார்கள்.

மிஸ்டு கால் இதன் உச்சம். ஒரு ரிங் அடித்து வைத்தால் வந்து சேர்ந்துவிட்டேன், இரண்டு ரிங் என்றால் கூப்பிடு. அனுப்பியவருக்குச் செலவு எதுவுமில்லை, பெற்றவருக்கு ஒரு பிட் தகவல். அதைவிடச் சிக்கனமான குறியேற்றத்தை எந்தப் பொறியாளரும் கண்டுபிடித்ததில்லை. கைபேசி நிறுவனங்கள் எவ்வளவு எரிச்சல்பட்டிருக்கும் என்று நினைத்தால் இன்றைக்கும் எனக்குச் சிரிப்பு வரும்.

தீர்வு தேடியவர்களும் இருந்தார்கள். 2005இல் சிங்கப்பூரில் முத்து நெடுமாறன் வெளியிட்ட செல்லினம் கைபேசியில் தமிழ்ச் செய்தியை எழுதவும் படிக்கவும் வழி செய்தது. இன்னும் பிந்தி, குறுஞ்செய்தித் தரத்திலேயே இந்திய மொழிகளுக்கான 7 பிட் அட்டவணைகள் சேர்க்கப்பட்டன. தமிழுக்கும் ஒன்று உண்டு. அதைப் பயன்படுத்தினால் ஒரு செய்தியில் 150 குறிகளுக்கு மேல் தமிழ் எழுதலாம். அனுப்பும் கைபேசி, வலையமைப்பு, பெறும் கைபேசி மூன்றும் அதை அறிந்திருக்க வேண்டும். அந்த முறையில் வந்த ஒரு செய்தியை நான் இதுவரை பார்த்ததில்லை. அது வந்து சேர்ந்தபோது குறுஞ்செய்தியின் காலமே முடிந்துகொண்டிருந்தது.

கணினிப் பக்கத்தில் யூனிகோட் மெல்ல வென்றது. அதன் வரலாற்றில் எனக்குப் பிடித்த காட்சி ஒரு சாப்பாட்டு மேசையில் நடக்கிறது. 1992 செப்டம்பரில் நியூ ஜெர்சியில் ஓர் உணவு விடுதியில் கென் தாம்சனும் ராப் பைக்கும் மேசை விரிப்புத் தாளில் யூடிஎஃப்-8 என்ற முறையை வரைந்தார்கள். யூனிகோட் எண்களைப் பைட்டுகளாக எழுதும் வழி அது. இன்றைய இணையப் பக்கங்களில் மிகப் பெரும்பாலானவை அந்த முறையில்தான் இருக்கின்றன. அழகான வேலைப்பாடு. பழைய ஆஸ்கி எழுத்துகள் மாற்றமே இல்லாமல் ஒரு பைட்டில் நிற்கும். 2,047 வரையிலான எண்களுக்கு இரண்டு பைட். அதற்கு மேல் 65,535 வரை மூன்று பைட்.

யூனிகோட் அட்டவணையில் லத்தீன், கிரேக்கம், ரஷ்யன், எபிரேயம், அரபி ஆகியவை முன்வரிசையில் உட்கார்ந்துவிட்டன. இந்திய எழுத்துகள் தொடங்குவது 2,304இல். தமிழ் 2,944இல். இரண்டு பைட் எல்லையை நாம் கொஞ்சத்தில் தவறவிட்டோம். அரபிக்கு இரண்டு, நமக்கு மூன்று.

அந்த மூன்று பைட்டுகளையும் திறந்து பார்த்தால் ஒரு வேடிக்கை. த என்பது 224, 174, 164. ம என்பது 224, 174, 174. ழ என்பது 224, 174, 180. எந்தத் தமிழ் எழுத்தானாலும் முதல் பைட் 224. இரண்டாவது 174 அல்லது 175. இகரக் கொக்கி வரை 174, ஈகாரத்திலிருந்து 175. மூன்றாவது பைட்டில்தான் இது எந்த எழுத்து என்ற விவரமே வருகிறது. ஒரே தெருவில் இருப்பவர்கள் ஒருவருக்கொருவர் கடிதம் எழுதும்போதும் ஒவ்வொரு வரியிலும் மாவட்டத்தையும் ஊரையும் முழுக்க எழுதிக்கொண்டிருப்பதைப் போன்றது இது. 'தமிழ்' என்ற மூன்றெழுத்துச் சொல்லுக்கு யூனிகோட்டில் ஐந்து குறி: த, ம, இகரக் கொக்கி, ழ, புள்ளி. ஐந்தை மூன்றால் பெருக்கினால் 15 பைட். ஆங்கிலத்தில் அந்த மொழிப் பெயரை எழுதினால் ஐந்தே பைட்.

இதைக் கேட்டதும் கோபப்படுகிறவர்கள் உண்டு. மெய்க்கும் உயிர்மெய்க்கும் தனித்தனி இடம் கொடுத்திருந்தால் என்ன என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். யூனிகோட்டின் தமிழ்ப் பகுதி இந்திய அரசின் இஸ்கி தரத்தைப் பின்பற்றியது. அகரம் ஏறிய மெய்யே அடிப்படை, மற்றவை ஒட்டுகள் என்பது அதன் அமைப்பு, தேவநாகரிக்கு இயல்பானது. தமிழ்ப் பகுதியின் 128 இடங்களில் இன்று 72 மட்டுமே நிரம்பியிருக்கின்றன என்பது வேறு உறுத்தும். உயிர்மெய் ஒவ்வொன்றுக்கும் தனி எண் தரும் டேஸ்16 என்ற குறியேற்றத்தையும் தமிழ்நாடு அரசு 2010இல் யூனிகோட்டோடு சேர்த்து ஏற்றுக்கொண்டது. அச்சுத் துறையில் அதற்குப் பயன் இருக்கலாம். ஆனால் உலகம் முழுவதும் நிறுவப்பட்டுவிட்ட ஒரு தரத்துக்கு எதிரே, சிறந்தது என்ற தகுதி மட்டும் போதாது. அதோடு இணையப் பக்கங்கள் சுருக்கப்பட்டே பயணிக்கின்றன. திரும்பத் திரும்ப வரும் 224, 174 ஆகியவற்றைச் சுருக்கும் மென்பொருள் எளிதாக விழுங்கிவிடும். நடைமுறையில் தமிழ்ப் பக்கம் ஆங்கிலப் பக்கத்தைப் போல மூன்று மடங்கு கனப்பதில்லை.

யூனிகோட் கொண்டுவந்த பெரிய மாற்றம் எடையில் இல்லை, தேடலில் இருக்கிறது. பாமினியில் எழுதிய பக்கத்தில் 'தமிழ்' என்று தேட முடியாது, அங்கே இருப்பது ஆங்கில எழுத்துகள். எழுத்துருவுக்குக் கட்டுப்பட்ட 1990களின் பக்கங்கள் பல இன்று யாராலும் தேடிக் கண்டுபிடிக்க முடியாமல் கிடக்கின்றன. 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம் தன் இலக்கிய மின்பதிப்புகளை மயிலையிலிருந்து திஸ்கிக்கும், பிறகு யூனிகோட்டுக்கும் தன்னார்வலர்களைக் கொண்டு மாற்றியது. அப்படி மாற்ற ஆள் இல்லாதவை போனவைதான்.

எழுத்தைச் சேமிப்பது ஒன்று, திரையில் வரைவது வேறு. யூனிகோட்டில் 'கெ' என்பது முதலில் க, பிறகு கொம்பு என்றுதான் சேமிக்கப்படும். கொம்பை இடப்பக்கம் நகர்த்தி வரைவது மென்பொருளின் பொறுப்பு. அது தெரியாத மென்பொருள் கொம்பைப் பின்னால் போட்டுவிடும், காலைப் பிரித்துவிடும். 2010ஐ ஒட்டி வாங்கிய கைபேசிகளில் தமிழ் கட்டமாகத் தெரிந்தது, இல்லாவிட்டால் கைகால் முறிந்து தெரிந்தது. அப்போது ஒரு ரகசியம் கல்லூரி விடுதிகளில் வாய்வழியாகப் பரவியது. ஓப்பரா மினி உலாவியின் முகவரிப் பட்டையில் ஒரு குறிப்பிட்ட சொல்லைத் தட்டினால் மறைந்திருக்கும் அமைப்புப் பக்கம் திறக்கும். அதன் கடைசியில், சிக்கலான எழுத்துகளைப் படமாகக் காட்டு என்ற பொருளில் ஒரு வரி. அதை 'ஆம்' ஆக்கிவிட்டால், தமிழே தெரியாத கைபேசியிலும் தமிழ் வரும். எங்கோ இருக்கும் வழங்கி எழுத்துகளைச் சிறு படங்களாக வரைந்து அனுப்பிவிடும். பக்கம் கனமாகும், எழுத்து பொடியாக இருக்கும். ஆனாலும் படிக்கலாம்.

பிறகு எல்லாமே மலிந்தது. ஆண்ட்ராய்டுக்குத் தமிழ் ஒழுங்காக வந்தது. வாட்ஸப் 2013இல் குரல் செய்தியைக் கொண்டுவந்தது. 2016 செப்டம்பரில் ஜியோ வந்ததும் டேட்டாவின் விலை தரைதட்டியது. 2017இல் கூகுளின் குரல்வழித் தட்டச்சு தமிழுக்கும் வந்தது. பைட்டை எண்ணுகிறவர் யாருமில்லாமல் போனார். பத்து நொடிக் குரல் செய்தி, நொடிக்கு 16 கிலோபிட் என்று வைத்துக்கொண்டால், 20,000 பைட். அதே இடத்தில் 6,600க்கு மேற்பட்ட தமிழ்க் குறிகளை எழுதலாம். நீங்கள் படித்துக்கொண்டிருக்கும் இந்த அத்தியாயத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கோ நான்கில் ஒரு பங்கோ அதில் அடங்கிவிடும். 'சரி, சாப்பிட்டியா, நான் வர லேட்டாகும்' என்று சொல்வதற்கு அவ்வளவு இடம். யாருக்கும் வலிக்கவில்லை.

தடை போய்விட்டது, தங்கிலீஷ் போகவில்லை. பட்டிமன்றக்காரர்களுக்கு இந்த இடத்தில் ஒரு புள்ளி கொடுக்கத்தான் வேண்டும். 2004இல் 70 எழுத்து வரம்புக்குப் பயந்து ஆங்கில எழுத்துக்குப் போனவர்களின் பிள்ளைகள், அந்த வரம்பைக் கேள்விப்பட்டதே இல்லாதவர்கள், இன்றும் அப்படித்தான் எழுதுகிறார்கள். வாக்கியத்தில் பாதி ஆங்கிலச் சொல்லாக இருக்கும்போது விசைப்பலகையை மாற்றி மாற்றிப் போடுவது தொல்லை என்பது ஒரு காரணம். விரல் பழகிவிட்டது என்பது பெரிய காரணம். கற்றுக்கொண்ட விசையமைப்பை மனிதர்கள் எளிதில் விடுவதில்லை. தமிழ்நாட்டு அரசு அலுவலகங்களில் வானவில் ஔவையார் என்ற பழைய எழுத்துரு யூனிகோட் வந்த பிறகும் நெடுங்காலம் உயிரோடிருந்ததும் இதனால்தான். அதிகாரிகளுக்கு மொழிப்பற்று இல்லை என்று அதற்கு யாரும் சொல்வதில்லை.

எழுத்தை எண்ணிக் காசு வாங்கும் வழக்கம் ஒழிந்துவிட்டது என்று நினைத்திருந்தபோது, அது வேறொரு வாசல் வழியாகத் திரும்பி வந்தது. செயற்கை நுண்ணறிவு மொழி மாதிரிகள் எழுத்தையோ சொல்லையோ நேரடியாகப் படிப்பதில்லை. டோக்கன் என்ற துண்டுகளாக நறுக்கியே படிக்கின்றன. துண்டுகளின் பட்டியலைத் தயாரிக்கப் பலரும் பயன்படுத்தும் வழி, 1994இல் ஃபிலிப் கேஜ் கோப்புகளைச் சுருக்குவதற்காக எழுதிய ஓர் உத்தியிலிருந்து வந்தது. அடுத்தடுத்து அதிகமாக வரும் இரண்டு பைட்டுகளை ஒன்றாக ஒட்டி ஒரு புதுத் துண்டாக்கு. மறுபடி எண்ணு, மறுபடி ஒட்டு. பட்டியல் நிரம்பும் வரை இதே வேலை. கொடுக்கப்பட்ட உரையில் பெரும்பகுதி ஆங்கிலம் என்றால் ஆங்கிலச் சொற்கள் சீக்கிரமே முழுத் துண்டுகளாகிவிடும். அபூர்வமாக வரும் தமிழ் அதிகம் ஒட்டப்படாமல் ஒரு சில பைட்டுகள் கொண்ட சிறு துண்டுகளாகவே நின்றுவிடும். அந்த மூன்று பைட் கணக்கு இங்கே மீண்டும் தலைநீட்டுகிறது.

கட்டணம் டோக்கனுக்கு. ஒரே நேரத்தில் மாதிரி மனதில் வைத்துக்கொள்ளக்கூடிய அளவும் டோக்கனில்தான். 2024 மே மாதம் ஓப்பன்ஏஐ தன் ஜிபிடி-4ஓ மாதிரியை வெளியிட்டபோது, ஒரே அறிமுகப் பத்தியைப் பல மொழிகளில் எழுதி, பழைய பட்டியலிலும் புதிய பட்டியலிலும் எத்தனை டோக்கன் என்று காட்டியது. ஆங்கிலத்தில் 27 ஆக இருந்தது 24 ஆயிற்று. தமிழில் 116 ஆக இருந்தது 35 ஆயிற்று. பழைய கணக்கில் தமிழர் ஆங்கிலேயரைப் போல நான்கு மடங்குக்கு மேல் கொடுத்துக்கொண்டிருந்தார். புதிய கணக்கில் ஒன்றரை மடங்குக்குச் சற்றுக் குறைவு. குறுஞ்செய்திக் காலத்தில் 160க்கு 70 என்ற விகிதம் இரண்டேகால் மடங்கைத் தாண்டியிருந்தது. தரம் வகுக்கும் குழுக் கூட்டம் எதுவும் இல்லாமல், துண்டுகளின் பட்டியலை மாற்றியமைத்ததால் நடந்தது இது.

சரி, ஆங்கில எழுத்தில் எழுதிய தமிழ் இதில் தப்பித்துக்கொண்டதா? இல்லை. தங்கிலீஷ் 'வந்துட்டிருக்கேன்' எந்த ஆங்கிலச் சொல்லும் அல்ல. பட்டியலில் அது முழுத் துண்டாக இருக்க வாய்ப்பில்லை. இரண்டெழுத்து மூன்றெழுத்துத் துண்டுகளாக உடையும். அதையும் ஒருவர் டி எச் போட்டு எழுதுவார், இன்னொருவர் டி மட்டும் போடுவார். ஒருவர் டகரத்தை இரட்டிப்பார், இன்னொருவர் உயிரெழுத்தை விழுங்குவார். ஒவ்வொரு விதமும் வேறு வேறு இடத்தில் உடையும், வேறு வேறு எண் வரிசையாக மாறும். அன்று எதிர்முனையில் இருந்த அம்மாவுக்கு இவையெல்லாம் ஒரே சொல். மாதிரி அவற்றை ஒரே சொல் என்று தனித்தனியே கற்க வேண்டியிருக்கிறது. தமிழ் எழுத்திலும் பேச்சுவழக்குக்குப் பல வடிவங்கள் உண்டு என்றாலும் இவ்வளவு சிதறல் இல்லை. 105 பிட்டில் அடங்கி லாபமாக இருந்த எழுத்துமுறை, புதிய பட்டியல்களில் சில சொற்களுக்குத் தமிழ் எழுத்தைவிடக் கூடுதல் துண்டு கேட்கலாம். எந்தச் சொற்களுக்கு என்பது மாதிரிக்கு மாதிரி மாறும். பட்டியல்கள் பல பொதுவில் கிடைக்கின்றன. பைத்தானில் பத்து வரி எழுதத் தெரிந்த ஒரு மாணவர் தன் கைபேசியிலிருக்கும் பழைய உரையாடல் ஒன்றை இரண்டு எழுத்திலும் கொடுத்து எண்ணிவிடலாம்.